முத்திரைத்தாள் அசலா, போலியா? படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

முத்திரைத் தீர்வை கட்டியதற்கான இ-ஸ்டாம்ப் சான்றிதழ் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து அதன் அடிப்பகுதியைப் படித்துப் பாருங்கள். எச்சரிக்கை என்ற தலைப்பில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பொருள் இதுதான்: இந்தச் சான்றிதழ் முறையானதா என்று சரிபார்க்கும் பொறுப்பு இதைப் பயன்படுத்துபவரையே சேரும். விற்றவரையோ, பத்திரம் எழுதியவரையோ, முத்திரைத் தீர்வை வாங்கிய அரசையோ அல்ல, உங்களை. வாடகை ஒப்பந்தம் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்திருப்பார்கள்?

எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஒரு பத்திர எழுத்தரிடம் சில மாதங்கள் எடுபிடியாக இருந்தேன். யாராவது பழைய பத்திரம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் முதலில் படிக்கவே மாட்டார். விரலால் தடவுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், பிறகு விற்பனையாளரின் முத்திரையைப் பார்ப்பார். வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எதையெல்லாம் தேடுகிறோம்?

போலி என்றதும் திருட்டு அச்சகம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வகை மட்டுமே. இரண்டாவது வகை, அசல் வில்லையை, அதாவது ஒட்டும் ஸ்டாம்ப்பை, கழுவியோ உரித்தோ மறுபடி ஒட்டுவது. மூன்றாவது வகை, அசல் தாளில் பொய்த் தேதி போடுவது. தாள் அரசு அச்சடித்ததுதான், அதில் எழுதிய கதைதான் பொய். சிவில் வழக்குகளில் மூன்றாவது வகையால் வரும் தலைவலி மற்ற இரண்டைவிட அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் யூவி டார்ச் வாங்கி வைத்திருக்கும் பலரும் அதைத் தேடுவதே இல்லை.

வில்லை அச்சிடுபவர்கள் முதல் இரண்டு வகையோடு 150 ஆண்டுகளுக்கு மேலாகப் போராடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் அஞ்சல் வில்லைகளும் வருவாய் வில்லைகளும் லண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சாகி வந்தன. வில்லைமேல் போட்ட கையெழுத்தை ரசாயனத்தால் அழித்துவிட்டு மறுபடி விற்பதுதான் அன்றைய முக்கியமான மோசடி. அதற்கு அந்த நிறுவனம் கண்ட விடை, தண்ணீரோ ரசாயனமோ பட்டால் கையெழுத்தோடு சேர்ந்து வில்லையின் அச்சும் கரைந்துபோகும் மை. ஊதாவிலும் பச்சையிலும்தான் அது நன்றாக வந்தது. விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் வில்லைகளில் அந்த இரண்டு நிறங்களே திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். இன்றும் பழைய வில்லை சேகரிப்பவர்கள் அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட அஞ்சுவார்கள்.

1920களின் நடுவில் நாசிக்கில் இந்தியப் பாதுகாப்பு அச்சகம் வந்தது, லண்டன் இறக்குமதி நின்றது. நீதித்துறை சாரா முத்திரைத்தாள்கள், அதாவது நாம் பேச்சுவழக்கில் வெற்றுப் பத்திரம் என்கிறவை, நாசிக்கிலும் ஐதராபாத் பாதுகாப்பு அச்சகத்திலும் அச்சாகின்றன.

படி 1: கருவிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று போதும், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது. யூவி டார்ச் ஒன்று வேண்டும். வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் சேர்த்துக் கொட்டும். அதில் எல்லாமே ஊதாவாகத் தெரியும், உண்மையில் ஒளிர்வது எது என்று பிரித்தறிய முடியாது.

இரண்டையும்விட முக்கியமானது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தாள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ கருவூலத்திலோ நீங்களே நேரில் வாங்கிய, அதே மதிப்புள்ள முத்திரைத்தாள். பாதுகாப்பு அம்சங்கள் மதிப்புக்கு மதிப்பு, வெளியீட்டுக்கு வெளியீடு மாறும். 20 ரூபாய் தாளில் இருப்பதை வைத்து 5,000 ரூபாய் தாளை எடைபோட முடியாது. 'அசலில் இன்னின்ன ஏழு அடையாளங்கள் இருக்கும்' என்று வாட்ஸாப்பில் சுற்றும் பட்டியல்களை நம்பாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

படி 2: தாளைச் சோதியுங்கள், அச்சை அப்புறம் பார்க்கலாம்

அச்சைப் போலியாக்குவதைவிடத் தாளைப் போலியாக்குவது கடினம். அதனால் தாளிலிருந்தே தொடங்குங்கள்.

இருட்டறையில் யூவி டார்ச்சை அடியுங்கள். பக்கத்தில் சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றையும் வையுங்கள். ஜெராக்ஸ் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். வெண்மை கூட்டுவதற்காக அதில் ஒளிரும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள், துணிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி. பாதுகாப்புத் தாளில் அந்த ரசாயனம் சேர்ப்பதில்லை. அதனால் அது மங்கலாக, அடங்கிப்போய்க் கிடக்கும். தாளில் கலந்திருக்கும் சில இழைகளோ அதன்மேல் யூவி மையில் அச்சான பகுதியோ மட்டும் தனியாக மின்னும். முழுத் தாளும் டியூப்லைட் போல எரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பத்திரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் யூவி ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாகப் பிரகாசிக்கும். அதைப் பார்த்து ரகசியக் குறி என்று மகிழவும் வேண்டாம், போலி என்று பதறவும் வேண்டாம். சோப்புத்தூள் பட்ட தாளும் திட்டுத் திட்டாக ஒளிரும். லாமினேஷன் செய்த தாளில் இந்தச் சோதனையே செல்லாது.

அடுத்தது வாட்டர்மார்க். தாள் கூழாக ஈரமாக இருக்கும்போதே சில இடங்களில் நார் அடர்த்தியாகவும் சில இடங்களில் மெலிதாகவும் படியும்படி செய்து உருவாக்குவது அது. அங்கே மை எதுவும் கிடையாது. ஆகவே மேசைமேல் வைத்துப் பார்த்தால் அசல் வாட்டர்மார்க் கிட்டத்தட்டத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மெல்ல எழுந்து வரும், விளிம்புகள் கத்தரித்த மாதிரி இல்லாமல் நிழல்போலக் கரையும். போலி வாட்டர்மார்க் பெரும்பாலும் வெளிர் மையிலோ எண்ணெய்ப்பசை உள்ள பொருளிலோ அச்சிட்டதாக இருக்கும். அது மேசைமேலேயே தெரியும், விளிம்பும் கூர்மையாக இருக்கும்.

தாளைச் சுண்டிச் சத்தம் கேட்பதும் தடவிப் பார்ப்பதும் பழகியவர்களுக்கு உதவும். எங்கள் பத்திர எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். எனக்கு அது கைவரவில்லை.

படி 3: லென்ஸில் கோடுகளைப் பாருங்கள்

முத்திரைப் பகுதியைச் சுற்றி நெளிநெளியாக, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் கோடுகள் இருக்கும். அச்சுத்தொழிலில் இதை கில்லோஷ் என்பார்கள். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதன் தர்க்கம் சட்டென்று பிடிபடும். கையெடுக்காமல் இழுத்த ஒரே இழை சுற்றிச் சுற்றி வந்து வடிவம் பூர்த்தியாகும், நடுவில் எங்கேயும் அறுபடக் கூடாது.

லென்ஸை வைத்து ஒரே ஒரு கோட்டைப் பின்தொடருங்கள். அசல் தாளில் கோடு தொடர்ச்சியாக, ஒரே நிறத்தில் கெட்டியாக ஓடும். அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மையில் அச்சிட்டது அது. கலர் பிரிண்டருக்கோ ஜெராக்ஸுக்கோ அந்த வசதி கிடையாது. அவற்றிடம் இருப்பது நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகள். பழுப்போ பச்சையோ வேண்டுமென்றால் இந்த நான்கின் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தெளித்துக் கண்ணை ஏமாற்றும். கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிவது லென்ஸில் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகச் சிதறும். இன்க்ஜெட் அச்சில் மை தாளின் நார்வழியே கசிந்து விளிம்பு பிசிறடித்திருக்கும். லேசர் அச்சில் பொடி உருகிப் படிந்த மெல்லிய பளபளப்பும், கோட்டைச் சுற்றித் தூசுபோலச் சிதறிய துகள்களும் தெரியும். என் கணக்கில் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளிலேயே நம்பகமானது இதுதான்.

பின்னணி நிறத்தையும் கவனியுங்கள். இடப்பக்கம் ஒரு நிறமாகத் தொடங்கி வலப்பக்கம் போகும்போது வேறு நிறமாக மாறினால், அந்த மாற்றம் ஒரே கோட்டுக்குள்ளேயே சிறிது சிறிதாக நடக்க வேண்டும். அச்சு இயந்திரத்தின் ஒரே மைத்தொட்டியில் இரண்டு மைகளைப் பக்கம் பக்கமாக ஊற்றி, உருளைகள் அவற்றை நடுவில் குழைக்கும்படி செய்வார்கள். வானவில் அச்சு என்பது இதற்குப் பெயர்.

மெல்லிய கோடு என்று நினைத்தது லென்ஸில் எழுத்துகளாகப் பிரிந்தால் அது நுண்ணெழுத்து. நகலில் அது வெறும் புள்ளிக்கோடாகவோ அழுக்குப் பட்டையாகவோ நிற்கும். தாள் மிகப் பழையதாக இருந்தால் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர் தொட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மை கரைந்தால் அசல் என்று எங்கோ கேட்டுவிட்டு ஈர விரலால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அசலாக இருந்தால் அதை நீங்களே கெடுத்துவிடுவீர்கள், போலியாக இருந்தால் சாட்சியத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

படி 4: எண்ணையும் விற்பனைக் குறிப்பையும் படியுங்கள்

ஒவ்வொரு முத்திரைத்தாளுக்கும் எழுத்துகளோடு சேர்ந்த ஒரு தொடர் எண் உண்டு. ஒரே நாளில் ஒரே ஆள் வாங்கிய தாள்கள் என்றால் எண்கள் பொதுவாக அடுத்தடுத்து வரும். நான்கு பக்கப் பத்திரத்தில் முதல் மூன்று தாள் ஒரே வரிசையில் இருந்து, நான்காவது மட்டும் வேறு எங்கோ இருந்தால் நடுவில் ஒரு தாளை மாற்றியிருக்க வாய்ப்புண்டு. இரண்டு தாளில் ஒரே எண் இருந்தால் விளக்கமே தேவையில்லை.

மாநிலத்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். தமிழ்நாட்டில் எழுதும் ஆவணத்துக்குத் தமிழ்நாட்டுத் தாள்தான் வேண்டும்.

அப்புறம் விற்பனையாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு. விற்ற வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், ஊர், விற்பனையாளரின் கையெழுத்து, உரிம எண் எல்லாம் தாளின் முகப்பிலோ பின்பக்கத்திலோ இருக்கும். முத்திரைத்தாளின் உயிர்நாடி இந்த நாலு வரிதான், ஏனென்றால் இதே விவரம் விற்பனையாளரின் பதிவேட்டிலும் இருந்தாக வேண்டும். எவ்வளவு நன்றாக அச்சடித்த போலியும் அந்தப் பதிவேட்டில் இருக்க முடியாது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. விற்ற தேதி, பத்திரத் தேதிக்கு முன்பாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். வாங்கியவர் பெயர் பத்திரத்தின் தரப்பினரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றதாலேயே பத்திரம் செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் ஏன் என்று கேட்டாக வேண்டும். பெயர் எழுதிய இடத்தில் சுரண்டியிருந்தால் அங்கே தாள் மெலிந்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பளிச்சென்று தெரியும்.

ஆறு மாதத்துக்கு மேல் பழைய முத்திரைத்தாள் காலாவதி என்று பலரும் சொல்வார்கள். தவறு. 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் வரும் ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. ரூபாய்க்கு 10 காசு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பழைய தாளில் புதிய ஒப்பந்தம் எழுதுவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. 2008இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 1980ஆம் ஆண்டு தேதியிட்ட அந்த விற்பனை ஒப்பந்தத்தை எழுதிய இரண்டு தாள்களில் ஒன்று 1973இலும் மற்றொன்று 1978இலும் வாங்கியவை. பழைய தாள் என்பதற்காகவே ஆவணம் செல்லாது என்று சொல்ல முடியாது, ஆனால் ஆவணம் நம்பத்தக்கதா என்று எடைபோடும்போது அதையும் ஒரு சூழ்நிலையாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

படி 5: அசல் தாளில் எழுதிய பொய்த் தேதியைப் பிடியுங்கள்

முன்தேதியிட்ட பத்திரத்தைப் பிடிக்க லென்ஸ் உதவாது, கொஞ்சம் வரலாறு உதவும்.

₹ குறியீட்டை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். '2006இல் அப்பா எழுதிக் கொடுத்தது' என்று ஒருவர் நீட்டும் தாளில் அந்தக் குறி அச்சாகியிருந்தால் வாதாட ஒன்றும் இல்லை. குறி இல்லையென்றால் அது எதற்கும் சான்றல்ல, பழைய அச்சுத் தாள்கள் அதற்குப் பிறகும் நிறையப் புழங்கின. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். அதற்கு முந்தைய தேதி போட்ட முத்திரைத்தாளில் மாநிலப் பெயர் தமிழ்நாடு என்று அச்சாகியிருக்க வாய்ப்பில்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில், ஆங்கிலத்திலும் மெட்ராஸ் போய்ச் சென்னை ஆனது 1996இல். எழுதிய முகவரியில் 1972க்கு முன்பே ஆறு இலக்க பின்கோடு வந்தால் நிறுத்திக் கேளுங்கள். ஒரு குடும்ப ஆவணத்தில் 1988 தேதிக்குக் கீழே கம்ப்யூட்டரில் அச்சடித்த தமிழைப் பார்த்தேன். எழுத்துரு இன்று நம் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருப்பது. கொண்டுவந்தவருக்கு அதில் என்ன தப்பு என்று கடைசிவரை புரியவில்லை.

படி 6: ஒட்டும் வில்லைகள்

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப்பை யார் போய்ப் போலி அடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அது தாள் தாளாக மொத்தமாக விற்கும் பொருள். அஞ்சலகத்தில் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுக்கு ஒரு ரூபாய் வில்லை ஒட்ட வேண்டும். ஒட்டினால் போதாது, மறுபடி பயன்படாதபடி அதைக் கெடுக்கவும் வேண்டும். ஸ்டாம்ப்மேல் குறுக்கே கையெழுத்துப் போடும் நம் வழக்கம் முத்திரைச் சட்டத்தின் 12ஆவது பிரிவிலிருந்து வந்தது. பெயரோ இனிஷியலோ தேதியோடு வில்லையின்மேல் எழுதிவிட்டால் போதும். அப்படிக் கெடுக்காத வில்லையைச் சட்டம் ஒட்டாத வில்லையாகவே கருதும்.

அந்தக் குறுக்குக் கையெழுத்துதான் உங்களுக்கு நல்ல சோதனை. கோடு தாளில் தொடங்கி வில்லைமேல் ஏறி மறுபடி தாளில் இறங்க வேண்டும். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் லென்ஸை வையுங்கள். கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், மையின் அழுத்தம் மாறியிருந்தாலும், வேறெங்கோ இருந்த வில்லையைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கலாம். யூவியில் அடித்தால் கழுவிய பழைய கையெழுத்து சில நேரம் பேய்போல எழும். துளைப்பற்கள் ஒரு பக்கம் மழுங்கியிருப்பது, ஓரத்தில் பசை பிதுங்கியிருப்பது இரண்டும் உரித்து ஒட்டியதன் தடயங்கள்.

புரோநோட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. சரியாக முத்திரையிடாத மற்ற ஆவணங்களை, விட்டுப்போன தீர்வையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்டி நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர 35ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. புரோநோட்டுக்கும் உண்டியல் எனும் மாற்றுச்சீட்டுக்கும் அந்த வழி கிடையாது. வில்லை போலி என்று நிரூபணமானால் கடன் கொடுத்தவர் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இங்கே ஒரு நிமிடம் தெல்கியை நினைத்துக்கொள்ள வேண்டும்

அப்துல் கரீம் தெல்கி 1990களின் நடுவில் முத்திரைத்தாள் விற்பனை உரிமம் வாங்கியவர். நாசிக் அச்சகம் கழித்து ஏலம் விட்ட பழைய இயந்திரங்களை வாங்கி, மும்பையில் சொந்த அச்சகம் வைத்தார். அதில் அடித்த போலித் தாள்களை வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பங்குத் தரகர்களுக்கும் மொத்தமாக விற்றார். 2001இல் அஜ்மீரில் கைதானார், நீண்ட சிறைத்தண்டனை பெற்றார், 2017இல் பெங்களூரில் இறந்தார்.

அரசு அச்சகத்தின் இயந்திரத்திலேயே அச்சடித்த தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? கோடு தொடர்ச்சியாகத்தான் ஓடும், நிறம் தனி மையாகத்தான் இருக்கும். மேலே சொன்ன மூன்றாவது படியை அந்தத் தாள் அநேகமாகத் தாண்டியிருக்கும். அதைப் பிடித்திருக்கக்கூடியது, இந்த எண்ணுள்ள தாள் எந்தக் கருவூலத்திலிருந்து யாருக்குப் போனது என்ற கேள்விதான். மொத்தமாக வாங்கியவர்கள் அதைக் கேட்கவில்லை. மையைவிடப் பதிவேட்டை நம்புங்கள் என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான். தாளை விட்டுவிட்டு மையக் கணினியில் பதிவு வைக்கும் இ-ஸ்டாம்ப் முறை வேகம் பிடித்ததும் இந்த ஊழலுக்குப் பிறகுதான்.

படி 7: இ-ஸ்டாம்ப் சான்றிதழ்

இ-ஸ்டாம்ப் பதிவுகளைப் பராமரிப்பது ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷன். சான்றிதழ் தாளிலும் நுண்ணெழுத்து, பின்னல் வடிவங்கள், நகலெடுத்தால் காட்டிக்கொடுக்கும் பின்னணி எல்லாம் உண்டு. ஆனால் இங்கே அவை துணை மட்டும்தான். உண்மையான சோதனை இணையதளத்தில் இருக்கிறது.

1. நிறுவனத்தின் இ-ஸ்டாம்ப் தளத்தை நீங்களே தேடித் திறங்கள், அல்லது அவர்களது செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய தாளில் அச்சிட்ட முகவரியையோ கியூஆர் கோடையோ மட்டும் நம்பிப் போக வேண்டாம். போலித் தாள் அடிப்பவருக்குப் போலித் தளம் போடுவது பெரிய வேலையா என்ன?

2. மாநிலம், சான்றிதழ் எண், வழங்கிய தேதி முதலான கேட்கும் விவரங்களைக் கொடுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழ் என்றால் எண்ணின் தொடக்கத்தில் இந்தியாவையும் தமிழ்நாட்டையும் குறிக்கும் எழுத்துகள் இருக்கும்.

3. பதிவு இருக்கிறது என்று திரை காட்டியதும் மூடிவிடாதீர்கள். முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு, தீர்வை கட்டியவர், ஆவண வகை, தொகை எல்லாவற்றையும் கையில் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 100 ரூபாய் சான்றிதழை ஸ்கேன் செய்து தொகையை மட்டும் 10,000 என்று மாற்றினால் எண் அசல்தான், தொகைதான் பொய். இணையப் பதிவுக்கும் தாளுக்கும் ஒரு விவரம் வேறுபட்டாலும் சான்றிதழ் செல்லாது என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது.

4. மூலச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரே சான்றிதழைக் கலர் நகல் எடுத்து இரண்டு ஒப்பந்தத்தில் வைத்தால் இணையதளம் இரண்டுக்கும் சரி என்றே சொல்லும். அதற்கு எண் ஒன்றுதான் தெரியும், எத்தனை நகல் சுற்றுகிறது என்று தெரியாது. இந்த இடத்தில் மறுபடி லென்ஸ் வேலைக்கு வருகிறது.

மதுப்புட்டியின் மூடியிலும் ஒரு வரி வில்லை

இதுவரை ஆவணங்களைப் பற்றிப் பேசினோம். மதுப்புட்டி, சிகரெட் பெட்டி போன்றவற்றின் ஆயத்தீர்வை வில்லைக்குக் கணக்கு வேறு. கேரளத்தில் அரசு நிறுவனமான சி-டிட் தயாரிக்கும் ஹாலோகிராம் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நகலெடுப்பதைவிடப் பெரிய ஆபத்து, காலிப் புட்டியிலிருந்து வில்லையைப் பத்திரமாக எடுத்துக் கலப்படச் சரக்கில் ஒட்டுவது. அதனால்தான் மூடியைத் திறந்தாலே கிழியும்படி அதை ஒட்டுகிறார்கள். உரித்தால் துண்டு துண்டாக வரும்படி சில வில்லைகளில் முன்கூட்டியே மெல்லிய வெட்டுகளும் போட்டிருப்பார்கள். வில்லை முழுசாக, மடிப்பும் இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருந்தால் கவனியுங்கள். ஹாலோகிராம் மின்னுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பரிசுப்பொருள் சுற்றும் தாளும் மின்னும். சாய்க்கும்போது உருவம் மாற வேண்டும், வெறும் நிறம் மாறினால் போதாது. ஆயத்தீர்வை வில்லைகள் எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 22382 என்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டியே இருக்கிறது. கண்ணால் பார்க்கும் அடையாளம், சிறு கருவியால் பார்க்கும் அடையாளம், ஆய்வகத்தில் மட்டுமே தெரியும் அடையாளம் என்று அடுக்கடுக்காக வைப்பதே இந்தத் துறையின் நடைமுறை. நம் கைக்கு எட்டுவது முதல் இரண்டும்தான்.

படி 8: சந்தேகம் உறுதியானால்

முதலில், விற்றவரிடமே திருப்பிக் கொடுக்காதீர்கள். 'அப்படியா சார், கொடுங்க, மாத்தித் தர்றேன்' என்பார். உங்கள் சாட்சியம் போய்விடும். எழுதுவது, புதிதாக மடிப்பது, ஸ்டேப்ளர் அடிப்பது எதுவும் வேண்டாம். ஓரங்களை மட்டும் பிடித்து ஒரு உறையில் போட்டு, எப்போது யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று தனிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஜிபே, போன்பேயில் பணம் கட்டியிருந்தால் அதன் பதிவையும் எடுத்து வையுங்கள்.

பிறகு சார்பதிவாளரிடமோ மாவட்டப் பதிவாளரிடமோ எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வாங்குங்கள். தாளின் எண்ணை வைத்து அது எங்கிருந்து யாருக்குப் போனது என்று பார்க்கக் கருவூலத்தால் முடியும். போலி என்று தெரிந்தால் காவல் துறைக்குப் போக வேண்டும். அரசு முத்திரையைப் போலியாக்குவது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 178ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 1805இல் லண்டனில் சீட்டுக்கட்டு வரி கட்டியதற்கு முத்திரையாக இருந்த ஸ்பேட் ஆஸ் சீட்டைப் போலியாக்கியதற்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரைத் தூக்கிலேயே போட்டார்கள். போலி என்று தெரிந்த பிறகும் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று அதை அசல்போல வேறொருவரிடம் தள்ளிவிட்டால் நீங்களும் குற்றவாளிதான்.

ஆவணம் ஏற்கெனவே அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்தாகியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கட்டாத தீர்வையையும் அபராதத்தையும் கட்டி முறைப்படுத்த முடியுமா, புதிதாக எழுதுவது நல்லதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எதிர்த்தரப்பு இன்னும் நட்பாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். புதிதாக எழுதுவதென்றால் அவர்களும் மறுபடி வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.